இருபத்தேழாம் நாற்காலி

மணியைக் கையிலும் புன்னகையை முகத்திலும் வைத்துக்கொண்டு மன்றத்தை நடத்தும் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் எழுதி வைத்திருந்ததில் பாதியைக் காலி செய்துவிட்ட ஆசிரியர் ஐயா அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோர்களே! முழங்கால் வலியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கதவோரம் நின்றுகொண்டு, "சீக்கிரம் முடிப்பாளா?" என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில் அமர்ந்து பிரேக் மிதிப்பதே என் பிழைப்பு. ஆகவே தலைவர் மணியடித்த மறுகணம் நின்றுவிடுவேன், கவலை வேண்டாம்.

சென்ற மாதம் மறைந்த என் தாத்தாவைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். அவர் என்ன பட்டம் பெற்றவரா? இல்லை. பதவி வகித்தவரா? இல்லை. மேடை ஏறியவரா? இந்த மேடையில் அவர் ஏறியதெல்லாம் மின்விசிறி மாட்டத்தான். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டுவது அவர் தொழில். கடைக்கு மேலே ஓர் அறை, அறையில் ஒரு கட்டில், வாசலில் ஒரு சைக்கிள். அவ்வளவுதான் அவர் ஆண்ட அரசு.

ஆனாலும் இந்த வழிபாட்டு மன்றத்தில் அவரை அறியாதவர் உண்டா? "நாற்காலிக்காரர்" என்றால் குழந்தையும் கை நீட்டிக் காட்டும். அறுபத்திரண்டு மடக்கு நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியவர் அவர். கல்யாணத்துக்கு இரவல் போகும் நாற்காலிகள் வழி மாறிவிடக் கூடாதே என்றுதான் எழுதினார். நாம் சும்மா இருந்தோமா? ஆளுக்கோர் எண்ணைப் பிடித்துக்கொண்டோம், அந்த எண்ணிலேயே அமர்ந்தோம், வேறு எவரும் அமர்ந்தால் முறைத்தோம். என்ன ஐயா? உங்கள் முப்பத்திரண்டாம் நாற்காலி ஆடுகிறதா? அது நாற்காலியின் குற்றமல்ல ஐயா, நீங்கள் தூங்கித் தூங்கி விழுவதால் வந்த வினை!

வாரந்தோறும் விடியற்காலையில் வந்து அத்தனையையும் விரிப்பார். வழிபாடு முடிந்ததும் மடக்குவார். ஆனால் ஆள் வராத நாற்காலியை மட்டும் மடக்க மாட்டார். அதை அப்படியே விட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, வராதவர் வீட்டுக்குப் போவார். கதவைத் தட்டுவார். எல்லா வீட்டிலும் ஒரே வாசகம்தான்: "நாற்காலி காலியா இருந்துச்சு. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." பார்த்துவிட்டுத் திரும்பி வந்த பிறகே அந்த நாற்காலி மடங்கும்.

ஒருமுறை, ஓய்வுபெற்ற தபால்காரர் வரவில்லை. தாத்தா போய்க் கேட்டார். தபால்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "பல்செட்டு உடைஞ்சு போச்சுங்க. எப்படி வர்றது?" தாத்தா சொன்னார்: "கடவுள் என்ன உங்களுக்குக் கரும்பா குடுக்கப் போறாரு? வந்து உக்காருங்க. பக்கத்துல நான் இருக்கேன், சிரிப்பு வர்ற மாதிரி எதுவும் சொல்ல மாட்டேன்." அடுத்த வாரம் தபால்காரர் வந்தார். தாத்தாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

"இவ்வளவு அலைச்சல் எதுக்கு?" என்று யாரோ கேட்டதற்கு, "தன் வீட்டுக்கு வராதவங்களத் தேடிக் கடவுளே கிளம்பினா எப்படி? எங்கிட்டதான் சைக்கிள் இருக்கே" என்றார். பக்தி பற்றி அவர் பேசி நான் கேட்டது இவ்வளவுதான்.

பெரியோர்களே, தாய்மார்களே! இதுவரை நீங்கள் அறிந்ததைச் சொன்னேன். இனி எங்கள் வீட்டுக் கதை. என் தந்தையின் அனுமதி பெற்றே சொல்கிறேன்.

என் தந்தை ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். வழிபாட்டு நாளில் ஷிப்ட் பார்த்தால் கூடுதல் சம்பளம். நான் கைக்குழந்தை. அப்பா தொடர்ந்து ஐந்து வாரம் வேலைக்குப் போனார். ஆறாம் வாரம் இங்கே வந்து இருபத்தேழாம் நாற்காலியில் அமர்ந்தார். தாத்தா அத்தனை பேர் முன்னிலையிலும் கேட்டார்: "வழி தெரிஞ்சு வந்துட்டியா? வயித்துக்கு ஓடினா போதும், வழிபாடு எதுக்குன்னு நெனச்சேன்." அப்பா எழுந்து நின்று, "பிள்ளைக்குப் பால் நான்தாம்ப்பா வாங்கணும்" என்றார். போனார். ஒன்பது ஆண்டுகள் வரவேயில்லை.

ஊரார் வீட்டுக்கெல்லாம் ஓடிய சைக்கிள், உற்ற மகன் வீட்டுக்கு மட்டும் ஓடவில்லை. ஒன்பது ஆண்டுகள் இருபத்தேழாம் நாற்காலி மடங்கவில்லை. கூட்டம் நெருக்கியடித்த நாளில்கூட, அதில் உட்காரப் போனவரை, "ஆள் வருது" என்று நிறுத்திவிடுவார்.

அம்மாவும் நானும் வாரந்தோறும் வந்துகொண்டுதான் இருந்தோம். அம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்வார்: "உங்க நாற்காலி இன்னும் விரிச்சேதான் கிடக்கு." அப்பா சொல்வார்: "நாற்காலியா வந்து கூப்பிடும்? ஊருக்கெல்லாம் போறவருக்கு எங்க வீடு மட்டும் தூரமா?" அம்மா அதைத் தாத்தாவிடம் சொல்வார். தாத்தா சொல்வார்: "விரிச்சு வெச்சிருக்கேனே, அது போதாதா?" வீம்பில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காதவர்கள். வித்து ஒன்றாக இருக்க, விளைச்சல் மட்டும் வேறாகவா இருக்கும்?

பிறகு ஒரு வாரம், நாற்காலிகளை விரிக்க ஆளில்லை. நாமே விரித்துக்கொண்டோம். கதவோரம் இருந்த ஒன்றாம் நாற்காலி, தாத்தாவின் நாற்காலி, காலியாகக் கிடந்தது. அறுபது பேர் இருந்தோம். யார் போனோம்? ஒருவரும் போகவில்லை! எல்லார் வீட்டுக்கும் போனவர் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும் என்று தோன்றவில்லையே நமக்கு! "யாராவது போயிருப்பாங்க" என்று அறுபது பேரும் நினைத்தோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அன்று எனக்கு ஒன்பது வயது. வெட்கம் இன்னும் போகவில்லை.

என் அம்மாவுக்கு மட்டும் தோன்றியது. ஆனால் அவர் போகவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்த அப்பாவிடம், "உங்க அப்பா நாற்காலி இன்னிக்குக் காலி" என்றார்.

"போய்ப் பாக்க வேண்டியதுதானே?"

"நான் போகல. போக வேண்டிய ஆள் நான் இல்ல."

அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். கடையின் பக்கக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே மாடிப்படியின் நான்காம் படியில் தாத்தா உட்கார்ந்திருந்தார். காலையில் இங்கே வரக் கிளம்பியவர் வழுக்கியிருக்கிறார். கணுக்கால் வீங்கி, மேலே ஏறவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் ஆறு மணி நேரம்! நாக்கு வறண்டிருந்தது.

அப்பா படிக்குக் கீழே நின்றார். "நாற்காலி காலியா இருந்துச்சுன்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

தாத்தா அழுதார். நான் பார்த்தேன்.

"உன்னோடதும் காலியாத்தாண்டா இருக்கு."

"அப்ப ஏம்ப்பா வரல?"

"வந்தேன். வாரா வாரம் வந்தேன். உங்க தெருமுனை வரைக்கும் வருவேன். அங்க வந்ததும் அன்னிக்கு நான் சொன்னது ஞாபகத்துக்கு வரும். சைக்கிளத் திருப்பிருவேன்."

எத்தனை வாரங்கள் என்று கணக்குப் போட வேண்டுமா? அப்பா போடவில்லை. குனிந்து, தாத்தாவை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அடுத்த வாரம் அப்பா இருபத்தேழில் அமர்ந்தார். கட்டுப்போட்ட காலோடு தாத்தா எழுந்தார். "இவன எல்லார் முன்னாடியும் பேசிட்டேன். அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். தப்பு எம்மேலதான். மன்னிச்சுருப்பா" என்றார். அந்த நாளில் இங்கே இருந்த தாய்மார்கள் தலையசைக்கிறீர்கள். ஆம் அம்மா, உங்கள் முந்தானையும் அன்று நனைந்தது, எனக்கு நினைவிருக்கிறது. அன்றுதான், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, இருபத்தேழாம் நாற்காலி மடங்கியது.

இப்போது தலைவர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவின் படத்தை வைத்து, ஒன்றாம் நாற்காலியை மேடையில் நிறுத்தியிருக்கிறீர்கள். இனி யாரும் அதில் அமரக் கூடாது என்று அறிவித்திருக்கிறீர்கள். உங்கள் அன்புக்கு எங்கள் குடும்பமே நன்றி சொல்கிறது. ஆனால் படத்தைச் சுவரில் மாட்டுங்கள் ஐயா, நாற்காலியைக் கதவோரமே போடுங்கள். அவரை நாம் பார்த்தாயிற்று. வாழ்ந்தபோது பார்த்தோம், வழியனுப்பும்போதும் பார்த்தோம். பார்த்தவருடைய நாற்காலியை விரித்து வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

விரித்து வைக்க வேண்டிய நாற்காலி வேறு ஒன்று இருக்கிறது. திரும்பிப் பாருங்கள். நாற்பத்தொன்று! குழாய் ரிப்பேர் செய்யும் அண்ணனுடையது. தண்ணீர்த் தொட்டி ஒழுகியதற்காக இதே அவையில் தலைவர் அவரைக் கடிந்துகொண்டு மூன்று வாரம் ஆகிறது, அதன்பின் அவர் வரவில்லை. ஐயா, மணியைத் தேடாதீர்கள், நானே பிரேக் போட்டுவிடுகிறேன். என் தந்தை இன்று சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து வெளியே நிறுத்தியிருக்கிறார். தாத்தாவின் சைக்கிள்தான். அது உங்களுக்காக நிற்கிறது. தெருமுனையில் மட்டும் திருப்பிவிடாதீர்கள்!

என்ன ஐயா சொன்னீர்கள்? மைக்கில் சொல்லுங்கள், எல்லாருக்கும் கேட்கட்டும்... "வர்றேம்மா, நீயும் கூட வா" என்கிறார்! வருகிறேன் ஐயா.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. என்னைப் பேச விட்டுவிட்டு இருபத்தேழில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் என் தந்தைக்கு நன்றி. கூட்டம் முடிந்ததும் எல்லா நாற்காலிகளையும் மடக்குங்கள். நாற்பத்தொன்று மட்டும் நாங்கள் திரும்பி வரும்வரை அப்படியே இருக்கட்டும். வணக்கம்.