மெஷின் வெச்ச குதிரை

— சும்மா சிரிக்காத. பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க.

— நான் எங்க சிரிச்சேன்? கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

— நாளைக்குப் பேப்பர்ல வரும் பாரு. உங்க கம்பெனி செஞ்ச அந்தத் தகர டப்பாகூட அஞ்சு பேர் செஸ் ஆடினோம். நாலு பேர் மண்ணைக் கவ்வினாங்க. தோக்காதவன் நான் ஒருத்தன்.

— ஜெயிக்கவும் இல்லியே.

— டிராவே பெருசு. தோத்தா போர்டைத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன்னு பேப்பர்காரர்கிட்ட வேற வாய விட்டுட்டேன். இருபத்தஞ்சு வருஷ ஆட்டம்... எவ்வளவு பயந்தேன் தெரியுமா?

— தெரியும். தண்ணி டம்ளரைக் கவுத்தீங்களே. எதிர்லதானே உக்காந்திருந்தேன்.

— அது தனிக் கொடுமை. புருஷன் பொண்டாட்டி எதிரெதிரா உக்காரலாமான்னு நடுவர் கேட்டாரு. நான்தான் பெருந்தன்மையா சொன்னேன். ஆடறது மெஷின். என் மூவை அதுல தட்டி, அது சொல்றதைப் போர்டுல நகத்தறதுதான் இவ வேலை...

— 'கை மட்டும்தான் இவளோடது'ன்னீங்க. கேட்டுச்சு.

— தப்பா என்ன?

— நான் ஒண்ணும் சொல்லலியே. அந்த சீட்டு காலியாகுது, உக்காருங்க.

— நீயும் உக்காரு. முப்பது மூவ் வரைக்கும் அது ஆடினது பாடம் ஒப்பிக்கற மாதிரி இருந்துச்சு. நல்லா அமுக்கி வெச்சிருந்தேன். அப்புறம் குதிரையக் கொண்டு போய் மூலையில வெச்சுது பாரு...

— ஏன், நல்லா இல்லியா?

— நல்லாவா? மனுஷ மூளைக்கு அது தோணவே தோணாது.

— அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?

— நீ எதுக்குக் குழையற? நீ பட்டனைத் தட்டின, அவ்வளவுதான்.

— சரி சரி... அப்புறம்?

— அப்புறம் என்ன, டிரா கேட்டேன்.

— அதான் எனக்குப் புரியல. உயிர் போற ஆட்டத்துலகூட டிரா கேக்க மாட்டீங்களே.

— கொஞ்சம் கிட்ட வா.

— சொல்லுங்க.

— யார்கிட்டயும் சொல்லிடாத.

— மாட்டேன்.

— நான் போர்டைப் பாத்து ஆடல. உன் மூஞ்சியப் பாத்துதான் ஆடினேன்.

— என்னது?

— மெஷினுக்கு மூஞ்சி இல்ல, உனக்கு இருக்கே. அது நல்ல மூவா சொன்னா உன் புருவம் ஏறும். சொதப்பினா உதட்டைக் கடிப்ப. பதினெட்டு வருஷமாப் பாக்கற மூஞ்சிதானே...

— அடப்பாவி மனுஷா. இதுக்குப் பேர் என்ன?

— திருட்டுத்தனம்தான். மனசு உறுத்துது, அதான் சொல்றேன். அந்தக் குதிரைய வெச்சப்ப உன் மூஞ்சி... அப்படி ஒரு ஜொலிப்பு. கல்யாணத்தன்னிக்குக்கூட நான் பாத்ததில்ல. சரி, மெஷினுக்கு ஜெயிக்கற வழி தெரிஞ்சுபோச்சு, நாம காலின்னு நெனச்சு டிரா கேட்டேன். மெஷினுக்காக நீ ஏன் உடனே சரின்ன?

— போர்டு பரணுக்குப் போயிடுமேன்னுதான்.

— பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும். ஆனா உங்க கம்பெனிக்காரங்க திட்டப் போறாங்க. மெஷின் ஜெயிக்கற நேரத்துல...

— மெஷின் ஜெயிக்கல.

— உன் மூஞ்சி சொல்லுச்சே.

— மூஞ்சி சொன்னது சரிதான்... எழுந்திரிங்க, நம்ம ஸ்டாப் வருது.

— வரட்டும். அப்ப தோத்துக்கிட்டிருந்துதா?

— தோக்கவும் இல்ல. முப்பதாவது மூவோட திரை அப்படியே நின்னுபோச்சு. எதைத் தட்டினாலும் அசையல.

— நடுவர்கிட்ட சொல்லியிருக்கணும்ல? அதோட கடிகாரம் ஓடித் தீந்து நான் ஜெயிச்சிருப்பேனே...

— ஆமா. கையத் தூக்கத்தான் போனேன்.

— ஏன் தூக்கல? இரு... அப்ப அந்தக் குதிரைய யாரு...

— நான்தான். ஒரே ஒரு ஆட்டம் ஆடலாம் வாங்கன்னு கல்யாணமானதுலேர்ந்து கூப்பிடறேன். 'உன்கூடவா'ன்னு சிரிச்சுக்கிட்டே போயிடுவீங்க. இன்னிக்குத்தான் எனக்கு எதிர்ல போர்டு வெச்சு உக்காந்திருந்தீங்க... விட மனசு வரலைங்க.