ஆறாவது பல்

எல்லாருக்கும் வணக்கம். இந்த மனுவைப் படிக்கிறதுக்கு முன்னாடி, போன மாசம் எங்க தெருவுல நடந்ததை ஒரு குட்டிக் கதையா சொல்லிடறேன்... ரெண்டே நிமிஷம்தான்.

எங்க தெரு சுகந்தி அக்காவோட பையன் தர்ஷன். ஏழு வயசு. கடைவாய்ப் பல்லுல கறுப்பா ஒரு ஓட்டை. இனிப்பு பட்டாலே துடிப்பான். அக்கா என்ன சொன்னாங்க? நாம எல்லாரும் சொல்றதைத்தான். "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும். கிராம்பை வெச்சுக் கடி." பக்கத்துல நின்ன நானும் தலையாட்டினேன்...

திருவிழாவுக்கு சுகந்தி அக்காவோட கூடப்பிறந்த அக்கா மகள் ஓவியா வந்தா. வேற மாவட்டம். அவளுக்கும் அதே ஏழு வயசுதான். தர்ஷன் அழுறதைப் பார்த்துட்டு, நேராப் போய் அவன் வாயைத் திறந்து, நடுப்பல்லுல இருந்து எண்ணுறா. ஒண்ணு... ரெண்டு... மூணு...

"சித்தி, இது ஆறாவது. இது பால் பல்லு இல்ல. விழவே விழாது."

"அடி பெரிய டாக்டரே! உனக்கே முன்னாடி ரெண்டைக் காணோம். போய் விளையாடுடி."

"எங்க ஸ்கூலுக்கு வர்ற பல் டாக்டரம்மா சொன்னாங்க சித்தி. ஆறு வயசுல, எதுவும் விழாமலே பின்னாடி புதுசா முளைக்குமாம். இது போச்சுன்னா வேற வராதாம்!"

சுகந்தி அக்கா முகத்தைப் பார்க்கணுமே... அடுத்த பஸ்ஸுல தாலுகா ஆஸ்பத்திரி. நானும் கூடப் போனேன். டாக்டர் பார்க்கிறார்... பார்க்கிறார்...

"பிடுங்கணுமா சார்?"

"வேணாம்மா. வேர் வரைக்கும் போகல. அடைச்சா நிக்கும்."

அப்பாடா! அக்கா அப்படியே பெஞ்சுல உட்கார்ந்துட்டாங்க. பையன் என்ன சொல்றான் தெரியுமா? "ஓவியாகிட்ட சொல்லாதேம்மா... ரொம்ப அலட்டிக்குவா!"

இப்போ சொல்லுங்க. ரெண்டும் ஒரே மிட்டாய் தின்ன பிள்ளைங்கதானே? ஓவியா பல்லுலயும் ஓட்டை விழுந்துச்சு. கடுகளவு இருக்கும்போதே அடைச்சிட்டாங்க. ரெண்டு ஊர்லயும் அரசாங்க டாக்டர்தான். ரெண்டு ஊர்லயும் இலவசம்தான். ஆனா அங்கே ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர் பிள்ளைங்களைத் தேடி வர்றாங்க. இங்கே வலி வந்த பிறகு நாம டாக்டரைத் தேடிப் போறோம்.

சுகந்தி அக்கா பிள்ளையைக் கவனிக்காத தாயா? இல்லைங்க. அவங்களுக்கு வந்து சொல்ல ஆள் இல்ல... அவ்வளவுதான்.

தர்ஷன் தப்பிச்சான். ஏன்னா அவனுக்கு அந்த ஊர்ல ஒரு பெரியம்மா பொண்ணு இருந்தா. அப்படி யாரும் இல்லாத பிள்ளைங்க நம்ம ஸ்கூல்ல நூத்துப் பத்து பேர் இருக்காங்க. நம்ம ஸ்கூலுக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பல் டாக்டர் வரணும்னு, அவங்களுக்காகத்தான் இந்த மனு.