ஓடை மூடுறதுக்குள்ள

நெஸ்டா: சாவியை இன்னொரு தடவை திருப்பிப் பாரேன்.

மெரின்: ஏழு தடவை திருப்பியாச்சு நெஸ்டா. இனிமே சாவிதான் தேயும். அந்தச் சிவப்பு விளக்கே எரியல, பாருங்க.

நெஸ்டா: அப்போ பேட்டரி செத்துடுச்சு.

மெரின்: ஹார்னை அமுக்குங்க.

நெஸ்டா: ...அடேயப்பா! மரத்துல இருந்த வெள்ளைக் கிளி அத்தனையும் பறந்துடுச்சு.

மெரின்: பேட்டரி நல்லாத்தான் இருக்கு. சாவிக்குப் பின்னாடிதான் கோளாறு. டார்ச்சை இப்படிப் பிடிங்க... என் வயித்து மேல அடிக்காதீங்க, உள்ள! இந்த வயித்தை வச்சுக்கிட்டு எப்படிக் குனியறது...

நெஸ்டா: நகரு, நான் குனியறேன். மாமியார்னு ஒருத்தி எதுக்கு இருக்கா?

மெரின்: குறை சொல்லத்தான்.

நெஸ்டா: அதுவும்தான். ஏய்... இங்க என்னமோ சுத்தி வச்சிருக்கு. வேலிக் கம்பி!

மெரின்: எங்க? ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்துலயா?

நெஸ்டா: ஆமா. நல்லா முறுக்கி வேற...

மெரின்: உங்க புள்ளை வேலை! ஆங்கஸுக்கு எது உடைஞ்சாலும் வேலிக் கம்பிதான். கட்டில் காலுக்குக் கம்பி, வாளிக்குக் கம்பி, மூக்குக் கண்ணாடிக்கும் கம்பி. ஃபியூஸ் போனா ஒயர் தப்பிக்கும். கம்பி போகாது, அதனால ஒயர் மொத்தமும் போயிருக்கும்.

நெஸ்டா: என் புள்ளைய நான் மட்டும்தான் திட்ட... சரி, நீயும் திட்டு. எல்லாம் கருகிக் கிடக்கு.

மெரின்: இப்ப உக்காந்து அழ நேரமில்ல. ஓடையில தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?

நெஸ்டா: காலையில அளவுக் குச்சியில ரெண்டாவது கோடு. இப்ப மூணைத் தாண்டிடுச்சு. நாலைத் தொட்டா இந்த வண்டி இறங்காது.

மெரின்: இறங்கியே ஆகணும். நாளைக்குத் தபால் விமானம் ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டுப் பண்ணையில இறங்குது. அதை விட்டா, தண்ணி வடிஞ்சு நான் லாங்ரீச் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள புள்ளைக்கு ஒரு மாசம் ஆகியிருக்கும்.

நெஸ்டா: நம்ம ஓடுதளம் மட்டும் சேறாகாம இருந்தா...

மெரின்: சேறாயிடுச்சே. அவங்களுது சரளை, தாங்கும். ஆங்கஸ் நல்ல வண்டிய எடுத்துக்கிட்டு மாடு ஓட்டப் போயாச்சு, வர ரெண்டு நாள் ஆகும். நமக்கு இருக்கிறது இந்தக் கிழம் ஒண்ணுதான்.

நெஸ்டா: என்னைச் சொல்றியா, வண்டியச் சொல்றியா?

மெரின்: ஸ்டார்ட்டர் செத்துப்போனதை.

நெஸ்டா: போன வாரமே நீ டவுனுக்குப் போயிருக்கணும். எல்லாப் பொம்பளைங்களும் ஒரு மாசம் முன்னாடியே போய்க் காத்துக்கிட்டு இருக்காங்க. நீதான் கன்னுக்குட்டிக்குச் சூடு போடணும், அது இதுன்னு...

மெரின்: இன்னும் மூணு வாரம் இருக்கு நெஸ்டா! இப்ப ஒயர் வேணும். பேட்டரியிலேருந்து நேரா, பொறி உண்டாக்குற காயிலுக்கு இழுத்துடறேன். சாவியே வேண்டாம்... ... ...

நெஸ்டா: என்ன, பேச்சு நின்னுடுச்சு?

மெரின்: ஒண்ணுமில்ல... முதுகு பிடிச்சுக்கிச்சு. உங்க ரூம்ல படிக்கிற விளக்கு இருக்கே, அதோட ஒயரை அறுத்துக்கிட்டு வாங்க.

நெஸ்டா: அது என் கல்யாணத்துக்கு வந்த விளக்கு!

மெரின்: நெஸ்டா!

நெஸ்டா: போறேன், போறேன்...

மெரின்: ...வந்துட்டீங்களா! ஒரு ஒயரை அறுக்க இருபது நிமிஷமா?

நெஸ்டா: கத்திரி கிடைக்கல. இந்தா. முதுகு எப்படி இருக்கு?

மெரின்: முதுகுக்கு என்ன? கொடுங்க... இது இங்க... அது அங்க... ஆச்சு. முன்னாடி போய் ஹேண்டிலைச் சுத்துங்க. கட்டை விரலை மத்த விரலோட சேர்த்து வைங்க, திருப்பி அடிச்சா மணிக்கட்டு போயிடும்.

நெஸ்டா: நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே இதைச் சுத்தினவ நான். ம்ம்ம்... ஹா! ...ம்ம்ம்...

மெரின்: இன்னொண்ணு.

நெஸ்டா: ம்ம்ம்... அறுபத்தெட்டு வயசுல... ஹா! ...இருமக் கூட மாட்டேங்குதே!

மெரின்: நிறுத்துங்க. பிளக் ஒயரைக் கழட்டி இரும்பு கிட்டப் பிடிக்கிறேன். இப்ப சுத்துங்க... பொறி வரல. பொட்டுக் கூட இல்ல.

நெஸ்டா: அப்போ அவ்வளவுதானா?

மெரின்: யாரு சொன்னா அவ்வளவுன்னு? கரண்டு காயில் வரைக்கும் வருது. அதுக்கு அப்புறம் எங்கயோ நிக்குது. இந்த டப்பா மூடியத் திறந்து பார்த்துடறேன்... அட நாசமாப் போக!

நெஸ்டா: என்னது?

மெரின்: எறும்பு! கரண்டை விட்டு விட்டு அனுப்புற பாயிண்ட் ரெண்டுக்கும் நடுவுல பத்துப் பதினஞ்சு, அரைச்சு மாவாக் கிடக்கு. மழைன்னதும் மேல ஏறி வந்து, கரண்டு இருக்கிற இடமாப் பார்த்துச் சாகுதுங்க.

நெஸ்டா: போன மாசம் பம்பு சுவிட்ச்ல நடந்த மாதிரியே...

மெரின்: அதேதான். நகம் தேய்க்கிற அரம் இருக்கா?

நெஸ்டா: பையிலயே இருக்கு. கூடவே தீப்பெட்டி அட்டை. எனக்கும் தெரியும்டி.

மெரின்: பார்றா! ...தேய்ச்சாச்சு, பளபளங்குது. இப்ப அட்டைய நடுவுல விட்டு இடைவெளி வச்சு... வச்சு... ... ... ஸ்ஸ்...

நெஸ்டா: அதைக் கொடு, நான் பிடிச்சுக்கறேன்.

மெரின்: தொடாதீங்க! அசைஞ்சா மறுபடி முதல்லேருந்து... ... ... இருங்க... இறுக்கிட்டேன். முடிஞ்சுது. மூடி போட்டாச்சு, ஏறி உக்காந்துட்டேன். சுத்துங்க!

நெஸ்டா: ம்ம்ம்... ஹா!

மெரின்: இருமிச்சு! இன்னொண்ணு, பலமா! உங்க சம்பந்தியை நினைச்சுக்கிட்டுச் சுத்துங்க!

நெஸ்டா: உங்கம்மாவையா? ம்ம்ம்ம்... ஹா!

மெரின்: ஓடுது! ஓடுது நெஸ்டா!

நெஸ்டா: மிதி, மிதி, அணைய விடாத! ...சரி, இப்ப நீ தள்ளி உக்காரு. நான் ஓட்டறேன்.

மெரின்: கேட்டை ரெண்டு தடவை இடிச்சவங்க நீங்க. வேணாம், நானே...

நெஸ்டா: தள்ளுடி.

மெரின்: நெஸ்டா... ஒண்ணு சொல்லணும். பயப்படக் கூடாது. இது முதுகு வலி இல்ல. விடியக்காலையிலேருந்தே...

நெஸ்டா: தெரியும். இப்ப ஆறு நிமிஷத்துக்கு ஒண்ணு வருது. மூணு பெத்தவகிட்டயே கதை விடுறியே! ஒயர் அறுக்கப் போனப்பவே ரேடியோவுல பறக்கும் டாக்டரைக் கூப்பிட்டுட்டேன். விமானம் கிளம்பியாச்சு, மேட்டுப் பண்ணைக்கு வந்துக்கிட்டு இருக்கு.

மெரின்: அப்பவேவா? அப்ப வண்டி செத்துக் கிடந்துச்சே! என்னன்னு சொன்னீங்க அவர்கிட்ட?

நெஸ்டா: வண்டி நல்லா இருக்கான்னு கேட்டாரு. என் மருமக ஸ்டார்ட் பண்ணி வாசல்ல தயாரா நிறுத்தி வச்சிருக்கான்னு சொன்னேன்.