தேய்மானத்துக்கு ஓர் உதாரணம்

அலோ... அலோ, காளிச்சாமி அண்ணனுங்களா?... சைத்ராவோட காலேஜு மிஸ்ஸுங்ணா, மோகனப்பிரியா. காமர்ஸ் எடுக்கறவ... மோகனப்பிரியா!... சரிங்க, சரிங்க, சத்தமாவே பேசறேனுங்க. தறிக்குடோன்ல இருக்கீங்களா?... ஓ, சோறு திங்க ஊட்டுக்கு வந்தீங்களா... காது மந்தம்னு தெரியுமுங்க. சைத்ரா... எழுதியிருந்தா.

ஏனுங்ணா, அவ ஏன் நாலஞ்சு நாளா காலேஜுக்கு வரலை?... காய்ச்சல்னா சொன்னா?...

வீடியோவா?... நீங்களும் பாத்தீங்களா?... ஆமாங்க, நான்தான் போட்டது. பசங்க எந்நேரமும் போனும் கையுமாத்தான இருக்காங்க, ரீல்ஸ்லயே பாடம் சொன்னா அதைப் பாத்தாவது படிப்பாங்கன்னு... ஆமாங்க, ஆமாங்க, நெறையப் பேரு பாத்துட்டாங்க... என்னங்க?... அதுல அவளைப் பாராட்டுனேனா?... சைத்ரா அப்படியா சொன்னா?...

ஐயோ, நன்றியெல்லாம் சொல்லாதீங்ணா... இல்லீங்க, அது பாராட்டு இல்லீங்க... பாராட்டு இல்லீங்க!... சிரிச்சேனுங்க. கேலி பண்ணிச் சிரிச்சேன்... கேலீ!... ஒரு நிமிசங்க. சார், கொஞ்சம் அந்த ஸ்டாப் ரூம் கதவைச் சாத்துங்க. எல்லாரும் எதுக்கு இங்கயே பாக்கறீங்க?... ஆங், சொல்லுங்ணா.

அது வந்துங்க... மெசினு ஓட ஓடத் தேஞ்சு, மதிப்புக் கொறையுமில்லீங்களா, அதான் தேய்மானம். அதுக்கு ஒரு உதாரணம் எழுதச் சொல்லியிருந்தேன். 'எங்க தறியும், அதை ஓட்டற எங்கப்பா காதும்'னு எழுதியிருந்தா... நான் வீடியோவுல அந்தப் பேப்பரைக் காட்டி, 'காதுக்கு எத்தனை பர்சன்ட் போடறது'ன்னு... பேரு சொல்லலீங்க. கையெழுத்தை வெச்சுக் கண்டுபுடிச்சுட்டாங்க. இப்ப கிளாஸ்ல அவளத் 'தேய்மானம்'னுதான் கூப்புடறாங்களாம். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்... வீடியோவை அழிச்சுப்போட்டேனுங்க. தப்புங்ணா... தப்புப் பண்ணிப்போட்டேன்!...

அண்ணா?... லைன்ல இருக்கீங்களா?...

யாரு... சைத்ராவா? கண்ணு, அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு... ஆமா. எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன்... தெரியும், நீ அவருகிட்ட மறைச்சது. அவரு நன்றி சொன்னப்பவே புரிஞ்சுது... புரிஞ்சுந்தான் சொன்னேன்... அவருக்குத் தெரியோணும்னு... இல்ல... ஆமா. ஆமா கண்ணு, எம்மனசு ஆறோணும்னுதான் சொன்னேன்...

அப்பா எங்கே?... தறிக்கே போயிட்டாரா?... சாப்புடாமயா?... பெசஞ்ச சோத்தை அப்படியே உட்டுப்போட்டா... சைத்ரா, நான் இப்பவே கெளம்பி ஊட்டுக்கு வாரேன், நேர்ல... வர வேண்டாமா... சரி... சரி கண்ணு. நீ காலேஜுக்கு மட்டும்... அலோ?... சைத்ரா?