வேலை முடிந்த வருஷம்

செங்கல்பட்டு பஜாரில் யாரும் அண்ணாந்து பார்த்து நடப்பதில்லை. நான் குறை சொல்ல மாட்டேன். மாடும் பைக்கும் பள்ளமும் உள்ள தெருவில் கீழே பார்த்து நடப்பவன்தான் முழு முழங்காலோடு வீடு போய்ச் சேருவான். ஆனாலும் ஒருநாள் நீங்கள் அண்ணாந்து பாருங்கள், சார். செல்போன் கடைப் பலகைக்கு மேலே காரைச் சிங்கம் ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். பல் டாக்டர் மாடியில் சிறகு முளைத்த பெண்ணொருத்தி, மூக்கு உடைந்து, ஏ.சி. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்களை அழைத்துப் போய் இவற்றையெல்லாம் காட்டுபவன் நான். பெயர் அருணகிரி. பஜாரில் பெயின்ட் கடை. அந்தச் சிங்கத்தின் மேல் அப்பியிருக்கும் ஊதா நிறமும் என் கடைச் சரக்குதான். வாரமெல்லாம் மூடுவதற்கு விற்பேன், ஞாயிற்றுக்கிழமை மூடியதைக் காட்டுவேன். இது என்ன பிழைப்பு என்று என் மனைவி கேட்பாள். அவளுக்கு வியாபாரமும் தெரியாது, கலையும் தெரியாது.

நடைக்கு வருகிறவர்கள் நல்லவர்கள். நாவலூர் கம்பெனிப் பிள்ளைகள், கூடுவாஞ்சேரி அபார்ட்மென்ட்காரர்கள். அவர்கள் வீட்டில் சிமெண்டும் கண்ணாடியும் தவிர வேறொன்றும் இல்லாததால், அடுத்தவன் வீட்டுத் தூணைக் கண்டால் கண் கலங்கிவிடுவார்கள். நான் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். கேள்வி கேட்க மாட்டார்கள். அதைவிட வேறென்ன வேண்டும்?

தாவீது வந்த பிறகுதான் ஒழுங்கு கெட்டது. சிங்கப்பெருமாள் கோயில்காரன். முப்பத்தைந்து வயதிருக்கும். நாவலூரில் ஒரு கம்பெனியில், செல்போனுக்குத் தமிழ் எழுத்துகளை வடிவமைக்கிற வேலை. மரியாதையானவன். நான் வாசல் தூணை விளக்கிக்கொண்டிருக்கும்போது அவன் மட்டும் சத்தமில்லாமல் கொல்லைப்பக்கம் போய்விடுவான்.

ஒருநாள் பழைய மிராசு வீடு ஒன்றின் முன்னால் நின்று சிங்கமுகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்சந்திலிருந்து அவன் குரல் கேட்டது.

“அண்ணாத்த, கொஞ்சம் இங்க வாங்களேன். இந்தச் செவுத்துல ஒரு ஓட்ட கீது பாருங்க. இடுப்பு ஒசரம். உள்ளருந்து சரிவா வுட்டுக்கீறாங்க.”

காற்றுக்காக வைத்திருப்பார்கள் என்றேன்.

“காத்துக்கு இன்னாத்துக்கு அண்ணாத்த சரிவு? எங்க ஆளுங்க சொல்லிக் கேட்டுக்கீறேன். கூலி நெல்ல உள்ளருந்து இதுல கொட்டுவாங்களாம். வெளிய துண்ட விரிச்சிக்கினு நிக்கணுமாம். கை மேல கை படக்கூடாது பாருங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. தொலைந்த சாவி கிடைத்தவனைப் போலச் சொன்னான். சொல்லிவிட்டு அந்த ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தான். உடனே மற்றவர்களும் வரிசையில் நின்று கையை விட்டுப் பார்த்தார்கள். ஹனியா என்று ஒரு பெண், கட்டடக்கலை படிப்பவள், அழுதேவிட்டாள். என் சிங்கத்தைப் பார்த்து இதுவரை யாரும் அழுததில்லை.

அதற்கப்புறம் நடை முழுக்கக் கொல்லைப்புறமாகவே போனது. நான் முன்னால் நடப்பேன், கூட்டம் அவன் பின்னால் நடக்கும். சாக்கடைச் சந்துகளில் மூக்கைப் பொத்திக்கொண்டு வரலாறு தேடினார்கள். நான் பொறுத்துக்கொண்டேன். நான் கோபக்காரன் இல்லை. பஜாரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

என் கடை மாடி முகப்பில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ‘ஏகாம்பரம் கட்டினது. வேலை முடிந்த வருஷம் 1871.’ ஏகாம்பரம் என் கொள்ளுத்தாத்தா. நடை தொடங்கிய மறுவருஷம், உங்கள் கட்டடம் எந்தக் காலம் என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்த சமயத்தில், சுவரைச் சுரண்டும்போது வெளிப்பட்டது. ஒவ்வொரு நடையையும் அந்தக் கல்லுக்குக் கீழேதான் முடிப்பேன். கைதட்டுவார்கள்.

ஒரு ஞாயிறு எல்லோரும் போன பிறகும் தாவீது டீ டம்ளரோடு அங்கேயே நின்று கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணாத்த, தப்பா எடுத்துக்காதீங்க. ‘வேலை’ல கீற ‘லை’ புது எழுத்து. அந்தக் காலத்துல யான தும்பிக்க மாரி வளைச்சி எழுதுவாங்க. இது தொள்ளாயிரத்தி எழுபத்தெட்டுக்கு அப்பால வந்தது.”

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். வேற எவனாவது பாத்துட்டா உங்களுக்குத்தான் அசிங்கம். தும்பிக்க வச்ச ‘லை’ய நான் வரைஞ்சி தரேன். மாமல்லபுரத்துல அடிச்ச கல்லுதான? வேல சுத்தமா கீது. அவங்களாண்டயே குடுத்து மாத்திக்கலாம்.”

யோசித்துப் பாருங்கள், சார். மிரட்டியிருந்தால் மன்னித்திருப்பேன். பணம் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இவன் உதவி செய்கிறேன் என்றான். என் கொள்ளுத்தாத்தாவுக்கு எழுத்துப்பிழை திருத்துகிறேன் என்றான். மனதார, டீயை ஊதிக் குடித்தபடி. இப்படிப்பட்டவனை என்ன செய்ய முடியும்? நன்றி என்றேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகிற வழியில், சவுக்குத் தோப்புக்குள் கூரையில்லாத பங்களா ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து உப்பு அதிகாரிகள் தங்கியது. அதன் பின்னால் ஒரு கிணறு. கைப்பிடிச் சுவர் எப்போதோ போய்விட்டது, கிணற்று வாய் தரையோடு தரை. ஆடு மேய்க்கிற பிரபா என்ற பெண் அதைச் சுற்றி முள் வெட்டிப் போட்டிருந்தாள். நான் வெள்ளிக்கிழமை போய் அந்த முள்ளை எடுத்து ஓரமாகப் போட்டேன். பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் முள் பார்க்க நன்றாக இல்லை. கிணற்றின் மேல் படர்ந்திருந்த கொடியை மட்டும் விட்டுவைத்தேன். அது இயற்கையாக இருந்தது.

ஞாயிறு காலை வேன் வைத்து எல்லோரையும் அங்கே அழைத்துப் போனேன். மற்றவர்கள் முன்பக்கத்து வளைவை ஹனியாவோடு அளந்துகொண்டிருந்தார்கள். நான் தாவீதைப் பின்பக்கம் கூட்டிப் போனேன்.

“செவுத்து உச்சில பாரு, தாவீது. நீ சொன்ன மாரியே ஒரு ஓட்ட கீது.”

அவன் முகம் மலர்ந்தது. செல்போனைத் தூக்கிப் பிடித்தான். “எங்க அண்ணாத்த? தெரியலியே.”

“கிட்டக்க நின்னா தெரியாது. கொஞ்சம் பின்னால போ.”

போனான்.

“இன்னும் கொஞ்சம்.”

நான் அவனைத் தொடவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கொடி விலகியது, அவ்வளவுதான். கிணற்றில் தண்ணீர் கழுத்தளவுதான். உள்ளேயிருந்து, “அண்ணாத்த, காலு போயிடுச்சி, கைய குடுங்க” என்றான். தெளிவாகத்தான் பேசினான். அவன் எப்போதுமே தெளிவாகப் பேசுவான்.

நான் முன்பக்கம் வந்து சுண்ணாம்புச் சாந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். கடுக்காய், வெல்லம், எத்தனை நாள் ஊற வேண்டும் என்பதெல்லாம். அன்று கொஞ்சம் உரக்கவே பேசினேன். அங்கிள் இன்னைக்கு ஃபார்ம்ல இருக்கார் என்று ஹனியா சொன்னாள். பேசி முடித்தபோது தோப்பில் சத்தமே இல்லை. வேனில் ஏறும்போது அவள்தான் தாவீது எங்கே என்று கேட்டாள். எல்லோருமாகத் தேடினோம். நானும்தான்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவன் மனைவி ரூத் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணே, அவரு கடைசியா இன்னாத்தண்ணே பாத்துக்கினு இருந்தாரு? போன்ல வெறும் செவுருதான் தெரியுது.”

நான் அவளுக்கு விவரமாகச் சொன்னேன். சுவர் உச்சியில் ஓர் ஓட்டை. சுற்றிலும் மெல்லிய செங்கல் விளிம்பு. எத்தனையோ கைகள் பட்டு மழுங்கிய அடிப்பக்கம். போட்டோவில் வராது, கண்ணுக்குத்தான் தெரியும் என்றேன். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சந்தோசமாத்தான் பாத்திருப்பாரு, இல்லண்ணே?” என்றாள். ரொம்ப சந்தோஷமாக என்றேன். கைகூப்பிவிட்டுப் போனாள்.

அந்தச் சுவரில் அப்படி ஓர் ஓட்டை கிடையாது. கட்டடங்களைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் இரண்டு பேரிடம்தான் சொன்னேன்.

பிரபா என்னை அடையாளம் காட்டியதில் தவறில்லை. முள்ளை எடுக்கும்போது அவள் தூரத்தில் நின்றதை நான் பார்த்தேன், கையும் அசைத்தேன். நீங்கள் எழுதிய என் வாக்குமூலத்தை இப்போது படித்துப் பார்த்தேன், சதாசிவம் சார். முன்கூட்டியே திட்டமிட்டு முள்ளை அகற்றியது, பின்னால் நடக்கச் சொன்னது, கூப்பிட்டது காதில் விழுந்தும் போனது, எல்லாம் சரி. கொலை என்ற சொல்லிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூன்றாவது பத்தியில் மட்டும் ‘போலிக் கல்வெட்டு’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் ‘போலி’யை அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.