பஹீகாவின் ஐந்து எழுத்து

என் பெயர் பஹீகா. வயது 47. கணவர் பெயர் இஸ்மத் ஜஹ்ரான். கெய்ரோ நகரம், ஷுப்ராவில் குடியிருக்கிறேன். பத்திரப் பதிவு அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறேன். காவலில் இருப்பவர் என் கணவர். புகார் கொடுத்த மஹ்ரூஸ் எங்கள் தெருமுனையில் பெயர்ப்பலகை செய்பவர்.

ஆலை வேலை போன பிறகு என் கணவர் கொஷரி சாப்பாட்டுக் கடை போட்டார். அதற்கு என் பெயரை வைப்பதாகச் சொன்னார். எங்கள் தெருவில் ஆண்கள் மனைவி பெயரை வெளியே சொல்வதில்லை. ஆகவே வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை பலகை மாட்டப்பட்டது. அரபியில் என் பெயரின் ஐந்து எழுத்தும் ஒன்றோடொன்று இணைந்து வலமிருந்து இடமாகப் போக வேண்டும். பலகையில் அவை தனித்தனியாக, இடமிருந்து வலமாக நின்றன. அதன் பிறகு எதிரே இஸ்திரிக் கடை வைத்திருக்கும் பயூமி, தெருவே கேட்க, "என்ன இஸ்மத் அண்ணே, வீட்டம்மாவைத் தலாக் விட்டுட்டீங்களா? ஆளுக்கொரு மூலையில நிக்கிறாங்களே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். பிறகு கையிலிருந்த கரண்டியோடு அப்படியே மஹ்ரூஸ் கடைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

மஹ்ரூஸ், "கம்ப்யூட்டர்ல அடிக்கும்போது சரியாத்தான் இருந்துச்சு. எழுத்து வெட்டுற மெஷினுக்கு அரபு தெரியலை, நான் என்ன பண்ண? அஞ்சு எழுத்தும் இருக்குல்ல, எண்ணிப் பாருங்க" என்றார். அதற்கு என் கணவர், "என் பொண்டாட்டி பேரு ஒண்ணு சேர்ற வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்" என்று அந்தக் கம்ப்யூட்டரின் கீபோர்டைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். யாரையும் அடிக்கவில்லை. கரண்டியை அங்கேயே மறந்துவிட்டார்.

பிற்பகலில் காவலர் வந்து அவரை அழைத்துச் சென்றார். அதன் பிறகு நான், அவர் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்த கீபோர்டை மஹ்ரூஸ் கடைக்கு எடுத்துப் போய் மாட்டி, என் பெயரை அடித்தேன். திரையில் சரியாக வந்தது. அதை எழுத்தாக அனுப்பாமல், விளிம்புக் கோடு வரைந்த படமாக மாற்றி மெஷினுக்கு அனுப்பச் சொன்னேன். என் பெயர் ஒரே துண்டாக வெட்டுப்பட்டு வந்தது. மஹ்ரூஸ் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, "நல்ல பேருக்கா. அண்ணன் கோபப்பட்டதுல தப்பில்ல" என்றார். அதன் பிறகு அவரே ஏணி வைத்து ஏறி மாட்டினார். புகாரைத் திரும்பப் பெற என்னுடன் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறார்.

என் கணவர் கம்பிக்குப் பின்னாலிருந்து, "சேர்ந்துருச்சா?" என்றார். "சேர்ந்துருச்சு" என்றேன். அதன் பிறகு ஆய்வாளர் அவரிடம் கீபோர்டை எடுத்தது உண்மையா என்று கேட்டார். அவர், "எடுத்தேன். மறுபடி இவ பேரை உடைச்சா மறுபடியும் எடுப்பேன்" என்றார். இரண்டாவது வாக்கியத்தை எழுத வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். சொன்னதை எழுதியே ஆக வேண்டும் என்றார் ஆய்வாளர். சரி, இருக்கட்டும். என் கணவர் எடுக்கத்தான் செய்வார்.

இது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை.

(ஒப்பம்) பஹீகா