இடது சீட்டின் மணி

நெருங்கி உட்காருங்கள், கண்ணுங்களா. போர்வையை அந்தப் பிள்ளைக்கும் இழுத்து விடுங்கள்.

மாலை ஏழரை. கோலா கெத்திலைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண்சாலை. லோகேஸ்வரன் தனியாக நின்றான்... என் தோழி குணசுந்தரியின் தம்பி. அவன் மனைவி நளினிக்கு எட்டு மாதம். மோட்டார் சைக்கிளில் எப்படி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது? கார் வேண்டும்.

பாடாங் செராயில் பழைய கார் விற்கும் சிவநேசனிடம்தான் முதலில் போனான். விலை கூடுதல்.

"பழைய ஓனர நேர்ல பார்த்து, ஏன் விக்கிறாருன்னு கேக்காம நான் காடி எடுக்கமாட்டேன் தம்பி."

"ஊர்க்கதை கேக்குறதுக்கு நான் காசு கொடுக்கணுமா அண்ணே? போன்ல பாதி விலைக்குக் கெடைக்குது லா!"

அப்படி ஆன்லைனில் பிடித்த கார். அந்த மண்சாலைக்கு அதைக் கொண்டுவந்தவர் பெயர் காளிதாசன். முகம் பார்த்துப் பேசவில்லை. உள்ளே வாடிய மல்லிகை வாடை, அதற்கடியில் மருந்து நெடி. ஏன் விற்கிறார் என்று லோகேஸ்வரன் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டான். கிளம்பும்போது நம் வழக்கம் வாயில் வந்துவிட்டது.

"ஒரு நாள் வீட்டுக்கு வாங்கண்ணே. அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

காளிதாசன் அப்போதுதான் நிமிர்ந்தார். அவனை அல்ல, காருக்குள் பார்த்தார்.

"நீதான் கூப்பிட்ட. நான் சொல்லல."

திரும்பிப் பாராமல் செம்பனைக்குள் நடந்து போய்விட்டார்.

முதல் வளைவு. டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் போடச் சொல்லும் மணி. அவன் போட்டிருந்தான். விளக்கு காட்டியது இடது சீட்டை. யாருமில்லை... மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது. அந்தப் பெல்ட்டை இழுத்து மாட்டினான். மணி நின்றது. பெல்ட் தொய்யவில்லை. நிறைமாத வயிற்றின்மேல் கிடப்பதுபோல் புடைத்து நின்றது.

வீட்டு வாசல். டக்... பெல்ட் தானாகக் கழன்றது. இடது கதவு திறந்தது. வாசலில் நின்ற நளினி ஒதுங்கி வழிவிட்டாள்.

"யாருங்க இந்த அக்கா? என் வயித்தையே மொறைச்சுப் பார்த்துட்டு உள்ள போறாங்க?"

அந்த வாரமே காரை விற்றான். வாங்கியவனுக்கு ஒரு தொல்லையும் இல்லையாம்.

பிள்ளைக்கு இப்போது மூன்று மாதம். தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. விளக்கணைத்தால் அதிலிருந்து... டிங்... டிங்...

அந்தச் சத்தத்துக்கு நளினி பழகிவிட்டாள். அது நின்றால்தான்... அந்த அக்கா எழுந்துவிட்டாள் என்று ஓடிப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொள்கிறாள்.